அந்தக் கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டதல்ல

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். சபையில் உங்களோடு பழகுகிற ஒரு அக்காவின் 19 வயது மகன் ரிங் ரோட்டில் பைக் விபத்தில் இறந்து மூன்று வாரம் ஆகிறது. நீங்கள் பார்க்கப் போனபோது, "ஆண்டவர் ஏன் இப்படிச் செஞ்சாரு?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் ரோமர் 8:28-ஐ எடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று. அவர் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதிலிருந்து அந்தத் தெருப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது, என்ன சொல்லித் தேற்றுவது என்று கேட்கிறீர்கள்.

அந்தக் கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டதல்ல. நீங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தீர்கள், அவ்வளவுதான். அவர் கேட்டது ஆண்டவரிடம். புருஷன் பெண்சாதி வாய்த்தகராறு நடக்கிற வீட்டுக்குள் நுழைந்து, புருஷன் சார்பில் நாம் பதில் சொன்னால் எப்படி இருக்கும்? நல்லெண்ணத்தில் சொன்னாலும் அந்தம்மா நம்மையும் சேர்த்துத்தான் வெளியே தள்ளுவார். உங்களைப் பார்த்து அவர் திரும்பிப் படுத்தது அதனால்தான். விசுவாசத்தை விட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். ஆண்டவர் இல்லை என்று நினைப்பவர் ஆண்டவரிடம் ஏன் என்று கேட்கமாட்டார்.

நானும் இதே தப்பைச் செய்தவள். முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, இப்போது சபையில் நோயாளிகளையும் துக்க வீடுகளையும் பார்க்கப் போகிற குழுவில் இருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், செல்லூரில் ஒரு வீட்டில் 7 வயதுப் பெண் பிள்ளை மூளைக்காய்ச்சலில் போய்விட்டது. நான் அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவருக்குப் பிடிச்ச பூவை அவரே பறிச்சுக்கிட்டாரு அக்கா" என்றேன். எங்கேயோ யாரோ சொல்லக் கேட்டது, அழகாக இருந்ததால் மனதில் வைத்திருந்தேன். அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். "மதுரையில பூவுக்கா பஞ்சம்? எங்க வீட்டுக்கு வந்துதான் பறிக்கணுமா அவருக்கு?" என்றார். மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் பேசிய பேச்சு அது. என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் அந்த வாக்கியத்தை எந்த வீட்டிலும் நான் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லக் கேட்டால் இன்றைக்கும் காது கூசும்.

பிள்ளைகளையும் சொத்தையும் உடல் சுகத்தையும் இழந்த யோபுவின் புத்தகத்தை வேதாகமத்தில் இந்தக் கண்ணோடு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். மொத்தம் 42 அதிகாரம். அதில் யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் செய்த நல்ல காரியம் இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தோடு முடிந்துபோகிறது. அவர்கள் தங்கள் தங்கள் ஊரிலிருந்து புறப்பட்டு வந்தார்கள். தூரத்தில் அவரைப் பார்த்து அடையாளம் தெரியாமல் சத்தமிட்டு அழுதார்கள். தரையில் அவரோடு 7 நாள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். அவர் துக்கம் மகா கொடியது என்று கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. இவ்வளவும் சரி. நாலாம் அதிகாரத்தில் எலிப்பாஸ் வாயைத் திறக்கிறார், அங்கேயிருந்து எல்லாம் கெட்டுப்போகிறது. குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டா என்று அவர் கேட்கிறார். ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனிடம் பில்தாத், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதுதான் இப்படி ஆனது என்கிறார். சோப்பார் இன்னும் ஒரு படி மேலே போய், உன் அக்கிரமத்துக்கு ஆண்டவர் தண்டித்தது குறைவுதான் என்கிறார். மூன்று பேரும் வேதம் தெரிந்தவர்கள், பக்திமான்கள், ஆண்டவருக்காக வக்காலத்து வாங்குவதாக உண்மையிலேயே நம்பினவர்கள். கடைசியில் ஆண்டவரே வந்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்கள்மேல் கோபப்படுகிறார். பிறந்த நாளைச் சபித்து, ஆண்டவரை வழக்குக்கு இழுத்த யோபு பேசியது அவருக்குச் சரியாகப் பட்டிருக்கிறது.

யூதர்கள் துக்கம் காக்கிற ஏழு நாளை ஷிவா என்பார்கள். துக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கும் வரை, தேற்ற வந்தவர் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று அவர்களுடைய சட்ட நூலான தல்மூத்தில் இருக்கிறது. யோபு முதலில் பேசினார், அதற்குப் பிறகுதான் எலிப்பாஸ் பேசினார் என்பதைத்தான் அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

நம் ஊரிலும் இந்த அறிவு இருந்தது. துஷ்டி கேட்கப் போகிற ஆண்கள், வாசலில் இருப்பவர்களின் கையைத் தொட்டுவிட்டுப் பேசாமல் போய் பெஞ்சில் உட்காருவார்கள். பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுவார்கள். கிளம்பும்போது "போயிட்டு வாறேன்" என்று சொல்லாமல், எழுந்து நடந்துவிடுவார்கள். இதெல்லாம் சகுனம், பழைய மனுஷருடைய பழக்கம் என்று நாம் விட்டுவிட்டோம். விட்டதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் அதோடு சேர்த்து வாயை மூடிக்கொண்டு உட்காருகிற பழக்கத்தையும் விட்டுவிட்டோம். இப்போது துக்க வீட்டில் மைக்கும் ஸ்பீக்கரும் வந்துவிட்டன.

யோபு அந்தச் சிநேகிதர்களைப் பார்த்து, நீங்கள் எல்லாரும் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பில் யோவான் 14-ல் பரிசுத்த ஆவியானவருக்குப் போட்டிருக்கிற பெயரும் தேற்றரவாளன்தான். ஒரே சொல், இரண்டு விதமான ஆட்கள். கத்தோலிக்கர்கள் வாசிக்கிற திருவிவிலியத்தில் அதே யோவான் 14-ல் 'துணையாளர்' என்று இருக்கும். கிரேக்கத்தில் அந்தச் சொல் பராக்லேத்தோஸ், பக்கத்தில் இருக்கும்படி அழைக்கப்பட்டவர் என்று பொருள். என் தங்கை கல்யாணமாகிப் போனது ஞானஒளிவுபுரத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு. அவள் வீட்டு வேதாகமத்தில் இந்தச் சொல்லைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தேற்றுவது என்றால் எதையாவது சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துணையிருப்பதுதான் முதல் வேலை.

இதைச் சொல்லும்போதே ஒன்று ஞாபகம் வருகிறது. ஆரப்பாளையம் பக்கம் ஒரு லைன் வீடு. லாரி ஓட்டுகிற ஒரு தம்பி நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் மனைவிக்கு 24 வயது இருக்கும். அடக்க ஆராதனை முடிந்து ஐந்தாம் நாள் நாங்கள் போனோம். அந்தப் பெண் அழவும் இல்லை, பேசவும் இல்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஒரு பாட்டுப் பாடினோம், சங்கீதம் வாசித்தோம், ஜெபம் பண்ணினோம். எதுவும் அவளிடம் போய்ச் சேரவில்லை. அந்த நேரத்தில் வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து செத்துப்போனவருடைய பெரியம்மா வந்தார். கையில் ஒரு வயர் கூடை. உள்ளே வந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஐந்து நாளாகத் தலை வாரவில்லை, கூந்தல் சடைபிடித்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் சீப்பும் தேங்காய் எண்ணெயும் கொண்டுவரச் சொன்னார். துஷ்டி வீட்டில் எண்ணெய் வைக்கக் கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். "அத நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவளுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மேலேயிருந்து வாரவில்லை. முடியின் நுனியிலிருந்து ஆரம்பித்தார். சிக்குக்கு மேலே ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இழுப்பு தலைக்குப் போகாமல், மறுகையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. பாதி முடி பிரிந்திருக்கும், அந்தப் பெண் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கெழம கோயிலுக்குக் கெளம்பயில நான் சடை போட்டு முடிக்கங்குள்ள வாசல்ல நின்னு ஹார்ன் அடிப்பாரு பெரியம்மா." பெரியம்மா "ம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் மேலும் மேலும் சொன்னாள், அப்புறம் உடைந்து அழுதாள். சீப்பு நிற்கவே இல்லை.

எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆறுதல் சொல்லும்போது, நமக்கு ஒரு பதிலைத் தர வேண்டிய கடமை அவர்கள் தலையில் விழுகிறது. நாம் சொன்னதுக்குத் தலையாட்ட வேண்டும், கொஞ்சம் தேறின மாதிரி காட்ட வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் அந்தத் தொந்தரவு இல்லை. அதனால் நான் இப்போது போகிற வீடுகளில் எதிரே நாற்காலி போட்டு உட்காருவதில்லை. பக்கத்தில் பாயில் உட்காருவேன், கீரை ஆய்ந்துகொண்டே இருப்பேன், துணி மடிப்பேன்.

சரி, ரோமர் 8:28 தப்பா? வசனம் தப்பில்லை. ரோமருக்கு அந்த நிருபத்தை எழுதிய பவுல் அந்த அதிகாரத்தில் தன்னையும் சேர்த்து, பாடுபடுகிறவர்களோடு நின்றுகொண்டு பேசுகிறார். இரண்டு வசனத்துக்கு முன்னால்தான், நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாமலிருக்கிறபடியால் ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று எழுதியிருக்கிறார். பரிசுத்த ஆவியானவருக்கே பேச்சு வராத இடம் அது. அந்த வசனத்தைத் தாண்டிக் குதித்து 28-க்குப் போய்விடுகிறோம். தவிர, இது பாடுபட்டவர் பின்னால் திரும்பிப் பார்த்துத் தானே சொல்ல வேண்டிய வசனம். யோசேப்பு தன் அண்ணன்மாரிடம், நீங்கள் எனக்குத் தீமை நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்றார். அவரே சொன்னார், அதுவும் எத்தனையோ வருஷம் கழித்து. அந்த அண்ணன்மார் தள்ளிவிட்ட குழிக்குள் அவர் கிடந்தபோது யாராவது மேலேயிருந்து எட்டிப்பார்த்து இதைச் சொல்லியிருந்தால்?

"தாங்க முடியாததை ஆண்டவர் தரமாட்டார்" என்று இன்னொன்று சொல்வோம். அது 1 கொரிந்தியர் 10:13-லிருந்து வருகிறது. அங்கே திராணிக்கு மேலாக என்று சொல்வது பாவம் செய்யத் தூண்டுகிற சோதனையைப் பற்றி. பிள்ளையைப் பறிகொடுப்பதைப் பற்றி அல்ல. அதே பவுல் அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், எங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம் எங்களுக்கு உண்டாயிற்று, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று எழுதுகிறார். தாங்க முடியாதது வரும். பவுலுக்கே வந்தது. "உன்னால தாங்க முடியும்னுதான் குடுத்திருக்காரு" என்று ஒரு தாயிடம் சொன்னால், நான் கொஞ்சம் பலவீனமாக இருந்திருந்தால் என் பிள்ளை பிழைத்திருப்பானோ என்று அவர் யோசிப்பார். நான் மிகைப்படுத்தவில்லை, ஒருவர் என்னிடம் இதே வார்த்தையில் கேட்டிருக்கிறார்.

அப்புறம், "தேவ சித்தம்." அக்கம்பக்கத்து இந்து வீட்டார் வந்து விதி, தலையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நாம் அதை மூடநம்பிக்கை என்போம். ஆனால் பிள்ளை செத்த வீட்டில் நாம் சொல்கிற தேவ சித்தம், பல நேரம் அதே விதிக்கு வேதாகம உறை போட்டதுதான். இயேசு ஒரு தடவையும் ஒரு பிணத்துக்குப் பக்கத்தில் நின்று இது பிதாவின் சித்தம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னதாகச் சுவிசேஷத்தில் இல்லை. மரணம் பரிகரிக்கப்படுகிற கடைசிச் சத்துரு என்றுதான் பவுலும் எழுதுகிறார். சத்துருவை அனுப்பி வைத்தவர் என்று ஆண்டவரைக் காட்டிவிட்டு, அவரையே ஆறுதலின் தேவன் என்று அறிமுகப்படுத்தினால் கேட்பவருக்குத் தலை சுற்றும்.

காரணம் தேடுகிறவர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கோபம் வரும். ஜெபக்குறைவு, குடும்ப சாபம், காணிக்கை கொடுக்காதது, பையன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதது என்று யாராவது அந்த அக்காவின் காதில் போட்டிருப்பார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசுவே பேசியிருக்கிறார். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அல்ல என்றார். பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று கேட்ட சீஷர்களுக்கும் இரண்டும் இல்லை என்றார். யாராவது இப்படிப் பேசியிருக்கிறார்களா என்று அந்த அக்காவிடம் கேளுங்கள். பேசியிருந்தால் லூக்கா 13-ஐ நீங்களே எடுத்து வாசித்துக் காட்டுங்கள். துக்க வீட்டில் தயங்காமல் வசனம் எடுக்க வேண்டிய இடம் என்று எனக்குப் பட்டது இதுதான்.

அழுகை. அடக்க ஆராதனையில் கதறி அழுத ஒரு தாயை, "அழாதீங்க, நாம நம்பிக்கையில்லாதவங்க மாதிரி அழக்கூடாது" என்று பிடித்து உட்காரவைத்ததைப் பார்த்திருக்கிறேன். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்று. துக்கிக்கவே வேண்டாம் என்று அல்ல. இயேசு நாயீன் ஊர் விதவையிடம் அழாதே என்றாரே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னார். அடுத்த நிமிஷம் பாடையைத் தொட்டு மகனை எழுப்பி அவள் கையில் கொடுத்தார். அப்படிக் கொடுக்க முடிந்தவருக்கு அழாதே என்று சொல்கிற உரிமை உண்டு. நமக்கு ஏது?

பழைய ஏற்பாட்டில் எரேமியா, புலம்பற்காரிகளைக் கூப்பிட்டு வாருங்கள் என்று கர்த்தர் சொன்னதாகவே எழுதியிருக்கிறார். நம் ஊர் ஒப்பாரிக்காரிகளைப் போன்றவர்கள்தான். புலம்பல் என்று ஒரு முழுப் புத்தகமே இருக்கிறது. அதில் முதல் நாலு அதிகாரமும் எபிரெய அகர வரிசையில் போகின்றன, ஒவ்வொரு எழுத்தாக 22 எழுத்துக்கும். அ-வில் ஆரம்பித்து கடைசி எழுத்து வரைக்கும் அழுது தீர்ப்பது போல. சங்கீதம் 88 இருளில்தான் முடிகிறது. கடைசியில் ஒரு நன்றி வாக்கியமாவது இருக்கும் என்று தேடிப் பாருங்கள், இருக்காது. அதை யாரும் திருத்தவில்லை, அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். என் பாட்டி திருமங்கலம் பக்கத்தில் ஒப்பாரி பாடுகிற குடும்பத்தில் பிறந்து ஞானஸ்நானம் எடுத்தவர். ஒப்பாரியை விட்டார், சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையைப் படித்தார். தாத்தா இறந்த ராத்திரி மட்டும் எல்லாரும் தூங்கின பிறகு அடுப்படியில் மெல்லிய குரலில் ஒப்பாரி வைத்தார். நான் கேட்டேன். அதில் பாவம் எதுவும் இருந்ததாக எனக்கு அன்றைக்கும் படவில்லை.

அப்படியானால் எதுவுமே பேசக்கூடாதா என்றால், அப்படியும் இல்லை. யோவான் 11-ல் இறந்துபோன லாசருவின் சகோதரிகள் இரண்டு பேரும் இயேசுவிடம் சொன்னது ஒரே வாக்கியம். ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான். மார்த்தாள் அதைச் சொல்லிவிட்டு மேலே பேச்சை வளர்த்தாள், அவளுக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னார். மரியாள் அதைச் சொல்லிவிட்டு அழுதாள், அவளோடு அவர் பேசவில்லை. "எங்கே வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் கண்ணீர் விட்டார். இன்னும் சில நிமிஷத்தில் எழுப்பப்போகிறவருக்காக அழுதார். உங்கள் அக்கா மார்த்தாளாக இருக்கும் நாளும் வரும். "என் பிள்ளை இப்ப எங்க இருப்பான்?" என்று அவரே கேட்பார். அன்றைக்கு நீங்கள் நம்புவதைத் தயங்காமல் சொல்லுங்கள். நாம் கிறிஸ்தவர்கள், நம்மிடம் சொல்ல விஷயம் இருக்கிறது. கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள், பிரசங்கமாக்க வேண்டாம். ஜெபமும் அப்படியே. பண்ணட்டுமா என்று கேட்டுவிட்டு, அந்தப் பையனின் பெயரைச் சொல்லி, நாலு வரியில் முடியுங்கள். செத்தவர் பெயரைச் சொன்னால் துக்கம் கிளறும் என்று நினைக்கிறோம். ஊரே அந்தப் பெயரைச் சொல்லாமல் விலகிப்போவதுதான் தாய்க்கு இன்னொரு சாவு.

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவதூதன் வந்து கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஆண்டவர் பேசினது அதற்கெல்லாம் அப்புறம்தான், ஓரேப் மலைக்கு 40 நாள் நடந்து போன பிறகு. முதல் வாரம் எல்லாரும் சாப்பாடு கொண்டுவந்திருப்பார்கள். மூன்று வாரம் ஆகிவிட்டதால் இப்போது யாரும் கொண்டுவரமாட்டார்கள். நீங்கள் இட்லி மாவு அரைத்துக் கொண்டுபோங்கள். சமைத்துக் கொண்டுபோனால் விருந்தாளி, மாவு கொண்டுபோனால் வீட்டு ஆள். அவரைச் சாக்கிட்டுக் கணவரும் வீட்டில் இருக்கிற மற்றவர்களும் சாப்பிடுவார்கள்.

அந்தக் கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. எல்லாரும் தாயைச் சுற்றி உட்காருகிறோம், தகப்பன் வாசலில் நின்று பந்தல்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருப்பார். சபையில் வயதில் மூத்த ஒரு ஆண் அவரோடு ஒரு டீக்கடை வரைக்கும் நடந்து போகட்டும். தங்கையோ தம்பியோ இருந்தால், "இனி நீதான் அம்மாவைப் பாத்துக்கணும்" என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்லவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். "நானும் அவன்கிட்டயே போயிடுறேன்" என்று அந்த அக்கா சொன்னால் பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, இரண்டிலும் தமிழில் பேசலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று சபையில் யாராவது சொன்னால், அவருக்குச் சர்க்கரைக்கு மாத்திரை உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி என்ன செய்வது? இந்த வாரமே போங்கள். "அன்னைக்கு நான் வசனம் சொன்னது தப்பு அக்கா. எனக்கும் தெரியல, ஏன்னு" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். ஒருவேளை அன்றைக்கும் திரும்பிப் படுத்துக்கொள்வார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போயிட்டு வாறேன் சொல்லாமல் வந்துவிடுங்கள். அடுத்த வாரமும் போங்கள். நாள்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பையனின் பிறந்த நாள், காலேஜ் ரிசல்ட் வருகிற நாள். நவம்பர் 2-ஆம் தேதி கத்தோலிக்கர்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பூவும் மெழுகுவர்த்தியும் வைப்பார்கள். அது நல்ல பழக்கம், நம் ஆட்களும் அந்த அக்காவைக் கூட்டிப்போகலாம். டிசம்பர் பிறந்ததும் தெரு முழுக்க ஸ்டார் கட்டுவார்கள். அந்த வீட்டில் கட்டுவார்களா என்று கேட்க எல்லாரும் பயப்படுவார்கள். நீங்கள் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

அப்புறம் காகித வேலை. கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் நான் கற்றுக்கொண்டது இது. மகன் தீவிர சிகிச்சையில் கிடந்த ஒரு பெரியவர் பக்கத்தில் போய் ஜெபிக்கவா என்று கேட்டேன். "ஜெபம் இருக்கட்டும் தாயி, இந்தச் சீட்டுல எந்த ரூமுக்குப் போகச் சொல்லியிருக்குன்னு பாரு" என்று ஒரு ஸ்கேன் சீட்டை நீட்டினார். அன்றைக்கு அவருக்காக வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது அவரே, இப்ப ஜெபம் பண்ணு என்றார். விபத்து மரணத்தில் முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். விபத்து இழப்பீட்டு மனுவுக்குக் கால வரம்பு உண்டு, அழுதுகொண்டிருக்கும்போதே அது ஓடிக்கொண்டிருக்கும். சபையில் ஒரு வக்கீல் இருப்பார், அவரை நீங்களே போய்ப் பாருங்கள்.

பைக் இன்னும் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில்தான் நிற்கும், மழையிலும் வெயிலிலும். அதை எடுத்துவரப் போகிற வேலையை அந்தத் தகப்பனிடம் விட்டுவிடாதீர்கள், வாலிபர் சங்கத்துப் பையன்கள் இரண்டு பேரை அவரோடு அனுப்புங்கள். எடுத்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவருவதா, வேறு எங்காவது நிறுத்துவதா என்று அந்த அக்காவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவரைக் கேட்காமல் யாரும் அதை விற்றுவிட வேண்டாம்.